பல்கலைக்கழகக் கல்வியும் அரசாங்கச் செலவும்

கல்வி கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் என்பது எம் முன்னோர் கண்ட உண்மை. ஆசிரியர் ஒருவர் தாம் கற்றதை நூறு மாணாக்கருக்கு வழங்கினாலும் அவரிடத்துள்ள அறிவு எள்ளளவும் குறைவதில்லை. ஆனால் அவ்வாசிரியருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளமும், அவர் நின்று போதிக்கும் மண்டபமும், மாணாக்கர் படிக்கும் நூல்களும், ஆய்வுகூடத்துக் கருவிகளும் அத்தன்மையன அல்ல. அவை பங்கிடப் பங்கிடக் குறைவன. கல்வியோ பெருகும் இயல்பினது. கல்விக்கு ஆகும் பணமோ தேயும் இயல்பினது. இவ்விரண்டுக்குமிடையே எழுந்த இழுபறியே தற்காலப் பல்கலைக்கழகங்களின் சரித்திரத்திற் பெரும்பகுதி எனலாம்.

உயர்கல்விக்காக ஓர் அரசாங்கம் ஓராண்டில் ஒதுக்கும் பணத்தை அவ்வாண்டின் மாணவர் தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதனையே ஒரு மாணவனுக்கான அரசாங்கச் செலவு என்கிறோம். பாலர் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு இது. ஆயினும் இவ்வெண்ணின் பின்னே நாடுகளின் தலைவிதி மறைந்துகிடக்கின்றது. மாணவர் தொகை பெருகும்போது அரசாங்கத்தின் முன் நான்கு வழிகளே உள. பணத்தையும் அதே விகிதத்திற் பெருக்கலாம். ஒவ்வொருவர் பங்கையும் சுருக்கலாம். வாசற் கதவைப் பாதி சாத்தி மாணவர் தொகையைக் கட்டுப்படுத்தலாம். அல்லது செலவின் ஒரு பகுதியை மாணவர் தலைமீதே ஏற்றலாம். ஐந்தாவது வழியொன்று இருப்பதாக எந்தத் தேசத்து நிதி மந்திரியும் இதுவரை கண்டுபிடித்திலர்.

இந்நான்கு வழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து பார்த்த நாடு பிரித்தானியா. எமது நாடோ சில வழிகளைத் தழுவிச் சிலவற்றை மறுத்தது. எமது பல்கலைக்கழகக் கல்வி இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளைத் தொட்டிலாகக் கொண்டு வளர்ந்தது. எமது முதலாவது உபவேந்தர் ஓர் ஆங்கிலேயர். 1978-ம் ஆண்டிலே நாம் அமைத்துக்கொண்ட பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பெயரும் அங்கிருந்தே வந்தது. ஆதலின் இவ்விரு நாடுகளின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடைத்து என்பது எம் துணிபு.

பிரித்தானியாவின் தொடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் அரசாங்கத்தின் பணத்தை எதிர்பார்த்து வாழவில்லை. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டும் பழைய நிலமானியங்களிலும் அறக்கொடைகளிலும் வாழ்ந்தன. மான்செஸ்டர், லீட்ஸ், பேமிங்ஹாம் முதலிய கைத்தொழில் நகரங்களில் எழுந்த கல்லூரிகள் வணிகச் செல்வர்களின் கொடையாலும் மாணவர் கட்டணத்தாலும் நின்றன. 1889-ம் ஆண்டிலேதான் திறைசேரி இக்கல்லூரிகளுக்கென ஆண்டுதோறும் 15,000 பவுண் வழங்க முன்வந்தது. இன்றைய கண்ணுக்கு இது மிகச் சிறிய தொகை. ஆயினும் உயர்கல்வி அரசாங்கத்தின் கடமைகளுள் ஒன்று என்பதற்கு இட்ட அத்திவாரம் அது.

முதலாம் மகாயுத்தம் முடிந்தபின், 1919-ம் ஆண்டில், பல்கலைக்கழக மானியக் குழு நிறுவப்பட்டது. இக்குழுவின் அமைப்பு போற்றத்தக்கது. கல்விமான்களே அதிற் பெரும்பான்மையினர். திறைசேரி மொத்தமாகக் கொடுக்கும் பணத்தை அவர்கள் பல்கலைக்கழகங்களுக்குப் பங்கிட்டனர். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு என்று மந்திரிமார் கட்டளையிடவில்லை. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மானியம் தீர்மானிக்கப்படும் வழக்கமும் ஏற்பட்டது. அடுத்த ஐந்தாண்டுக்குத் தமக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதை அறிந்த பல்கலைக்கழகம் அதற்கேற்ப விரிவுரையாளரை நியமிக்கலாம், நூல்நிலையத்தை விரிக்கலாம். குடும்பமொன்று மாதச் சம்பளத்தை நம்பி வீடு கட்டத் தொடங்குவது போன்றதே இதுவும்.

இரண்டாம் மகாயுத்தத்துக்கு முன் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முழுநேரம் பயின்றோர் ஏறக்குறைய 50,000 பேரே. சிறு தொகையினராதலின் அவர்களுக்கு நன்கு செலவிடுதல் அரசாங்கத்துக்குக் கடினமாக இருக்கவில்லை. யுத்தம் முடிந்தபின் படைவீரர் திரும்பினர். இடைநிலைக் கல்வி 1944-ம் ஆண்டுச் சட்டத்தால் இலவசமாயிற்று. அதன் பயனாகப் பல்கலைக்கழக வாயிலில் வந்து நின்ற இளைஞர் தொகை ஆண்டுக்காண்டு உயர்ந்தது. 1962-ம் ஆண்டுக் கல்விச் சட்டம் இன்னுமொரு படி முன்சென்றது. பல்கலைக்கழக அனுமதி பெற்ற ஒவ்வொருவருக்கும் கட்டணத்தைச் செலுத்துவதோடு, பெற்றோர் வருமானத்துக்கேற்ப உணவுக்கும் உறையுளுக்கும் உதவிப்பணம் வழங்குவதும் உள்ளூராட்சி மன்றங்களின் கட்டாயக் கடமையாயிற்று. சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருசதமும் கொடாது பட்டம் பெறலாம் என்னும் நிலை உருவாயிற்று.

றொபின்ஸ் பிரபுவின் அறிக்கை

1963-ம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் வெளிவந்த றொபின்ஸ் அறிக்கை உயர்கல்வி வரலாற்றில் ஒரு மைல்கல். பொருளாதார நிபுணரான றொபின்ஸ் பிரபு தலைமை தாங்கிய குழு ஒரு கோட்பாட்டை வகுத்தது. ஆற்றலாலும் தேர்ச்சியாலும் தகுதிபெற்று, படிக்கவும் விரும்புகின்ற எவருக்கும் உயர்கல்வியில் இடமிருத்தல் வேண்டும் என்பதே அது. 1962–63-ம் ஆண்டில் உயர்கல்வியில் முழுநேரம் பயின்றோர் 216,000 பேர். 1973–74-ல் இத்தொகை 390,000 ஆகவும், 1980–81-ல் 560,000 ஆகவும் உயர்த்தப்படல் வேண்டும் என்று குழு கூறியது. மாணவருக்கு உதவிப்பணத்துக்குப் பதிலாகக் கடன் கொடுப்பதைப் பற்றியும் குழு ஆராய்ந்தது. அக்காலத்துக்கு அது ஏற்றதன்று என ஒதுக்கியது.

அரசாங்கம் அறிக்கையின் இலக்குகளை உடனடியாக ஏற்றுக்கொண்டது. சசெக்ஸ், யோர்க், எசெக்ஸ், லங்காஸ்டர், கென்ற், வோறிக் முதலிய புதிய பல்கலைக்கழகங்கள் 1961-க்கும் 1965-க்கும் இடையே எழுந்தன. அதனோடு, 1965-ம் ஆண்டில் கல்வி மந்திரி குறொஸ்லன்ட் அறிவித்த கொள்கையின்படி முப்பது பல்தொழில்நுட்பக் கல்லூரிகளும் தோன்றின. இவை பல்கலைக்கழகங்களினும் மலிவாக நடத்தப்பட்டன என்பதை வாசகர் நினைவிற் கொள்க. அதன் பொருள் பின்னரே விளங்கும்.

கதவைச் சாத்திய ஆண்டு

1970-களிலே எண்ணெய் விலை ஏறிற்று, பணவீக்கம் பெருகிற்று. ஐந்தாண்டு மானிய ஏற்பாடு அப்புயலில் முறிந்தது. 1979-ம் ஆண்டிற் பதவியேற்ற அரசாங்கம் பொதுச் செலவைக் குறைக்கத் தலைப்பட்டது. முதலிற் கைவைக்கப்பட்டோர் வேற்றுநாட்டு மாணவர். 1980-ம் ஆண்டு தொடக்கம் அவர்கள் தம் கல்விக்கான முழுச் செலவையும் தாமே செலுத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. இலங்கையிலிருந்து கடல்கடந்து சென்று படிக்க எண்ணிய எத்தனையோ இளைஞருக்கு அன்றே அக்கதவு அடைபட்டது.

அடுத்து 1981-ம் ஆண்டு ஆடி மாதத்தில் மானியக் குழு பல்கலைக்கழகங்களுக்குக் கடிதங்களை அனுப்பியது. அக்கடிதங்கள் இடியென இறங்கின. சல்போர்ட் பல்கலைக்கழகத்தின் மானியத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பங்கு வெட்டப்பட்டது. பணம் குறைந்தபோது மானியக் குழு எடுத்த முடிவே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. மாணவன் ஒருவனுக்குச் செலவிடும் தொகை குறையக் கூடாது, தரம் கெடக் கூடாது என்று அது கருதியது. ஆகவே மாணவர் இடங்களைக் குறைக்கும்படி பல்கலைக்கழகங்களைப் பணித்தது. தரத்தைக் காப்பதற்காகக் கதவு சாத்தப்பட்டது.

நடந்தது என்ன? பல்கலைக்கழகங்களில் இடமின்றித் திரும்பிய இளைஞர் வீட்டுக்குப் போய்விடவில்லை. அவர்கள் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளின் வாயிலை நாடினர். அக்கல்லூரிகளோ குறைந்த செலவில் அவர்களை ஏற்றுக்கொண்டன. ஒருபுறம் அதிக செலவிற் சிலர், மறுபுறம் குறைந்த செலவிற் பலர் என்ற நிலை ஏற்பட்டது. திறைசேரி இவ்விரண்டையும் ஒப்புநோக்கியது. இத்துணை மலிவாகவும் பட்டம் கொடுக்க முடியுமாயின் மற்றையோருக்கு ஏன் அவ்வளவு கொடுத்தல் வேண்டும் என்று கேட்டது. 1988-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மானியக் குழு கலைக்கப்பட்டது. 1992-ம் ஆண்டிற் பல்தொழில்நுட்பக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்கள் என்னும் பெயரைப் பெற்றன. ஒருவனுக்கான செலவைக் காப்பாற்ற எண்ணிக் கதவைச் சாத்தியவர்கள் ஈற்றிற் செலவையும் காப்பாற்ற முடியவில்லை. பண்டைய அமைப்பையும் காப்பாற்ற முடியவில்லை.

1980-களின் இறுதியில் அந்நாட்டு இளைஞரில் ஏறக்குறைய ஏழுபேருக்கு ஒருவர் உயர்கல்வி பெற்றனர். 1990-களின் நடுப்பகுதியில் ஏறக்குறைய மூவருக்கு ஒருவர் பெற்றனர். இஃது ஓர் அரிய சாதனை. ஆனால் இதற்குக் கொடுத்த விலையை 1997-ம் ஆண்டில் வெளிவந்த டியறிங் அறிக்கை கணக்கிட்டுக் காட்டிற்று. முந்திய இருபது ஆண்டுகளில் மாணவர் தொகை இருமடங்குக்கும் மேலாகப் பெருகியது. அரசாங்கம் உயர்கல்விக்குச் செலவிட்ட பணமும், விலையேற்றத்தைக் கழித்து நோக்கின், நூற்றுக்கு 45 வீதம் கூடியது. ஆயினும் மாணவன் ஒருவனுக்கான பணம் நூற்றுக்கு 40 வீதம் குறைந்துவிட்டது. தேசிய வருமானத்தில் உயர்கல்விக்குச் சென்ற பங்கோ மாறாதிருந்தது. அதாவது, நாடு தன் பானையிற் போட்ட அரிசியின் விகிதத்தை மாற்றவில்லை. பந்தியில் அமர்ந்தோர் தொகைமட்டும் இரட்டித்தது. கஞ்சியில் நீர் கூடிற்று.

அரசாங்கப் பணம் கூடியது என்று மந்திரி சொன்னது பொய்யன்று. தம் மாணவருக்குக் கிடைப்பது குறைந்தது என்று விரிவுரையாளர் சொன்னதும் பொய்யன்று. இருவர் கூற்றும் உண்மையாயிருக்க, நாட்டு மக்கள் மயங்கினர். தொகுதியை மட்டும் சொல்லிப் பகுதியைச் சொல்லாதுவிடின் எக்கணக்கும் மயக்கந் தரும்.

மாணவர் தலையிற் சுமை

எஞ்சியிருந்தது நான்காவது வழி. 1990-ம் ஆண்டில் மாணவர் கடன் அறிமுகமாயிற்று. 1998-ம் ஆண்டில் ஆண்டொன்றுக்கு 1,000 பவுண் கட்டணம் வந்தது. 2006-ல் அது 3,000 பவுண்வரை உயர்ந்தது. இதற்கான மசோதா 2004-ம் ஆண்டு தை மாதத்திற் பாராளுமன்றத்தின் இரண்டாம் வாசிப்பில் ஐந்து வாக்குகளாலேயே பிழைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2010-ம் ஆண்டு மார்கழியில், வீதிகளில் மாணவர் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்ய, கட்டணம் 9,000 பவுண்வரை உயர்த்தப்படத் தீர்மானிக்கப்பட்டு 2012-ல் நடைமுறைக்கு வந்தது. 2017-ல் 9,250 பவுண் ஆயிற்று. 2025-ல் 9,535 பவுண் ஆயிற்று. இங்கிலாந்தின் மாணவர் கடன் மொத்தம் 2023-ம் ஆண்டில் 20,000 கோடிப் பவுணைத் தாண்டிற்று. அவ்வாண்டிற் கல்வி தொடங்கியோர் நாற்பது ஆண்டுகள்வரை கடனிறுக்க நேரலாம். இருபது வயதில் வாங்கிய கடன் அறுபதாம் வயதுவரை நிழல்போலத் தொடரும் என்பதே இதன் கருத்து.

ஸ்கொத்லாந்து வேறு வழி சென்றது. தன் சொந்தப் பாராளுமன்றம் பெற்றபின், 2000-ம் ஆண்டில், தன் மாணவர் முற்கூட்டிச் செலுத்தும் கட்டணத்தை நீக்கிற்று. ஒரே தீவின் வடக்கிலும் தெற்கிலும் இருவேறு நீதி நிலவலாயிற்று. கட்டணம் வாங்குவது இயற்கையின் விதியன்று, அரசியலின் தீர்மானமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலங்கையின் கதை

இனி எமது நாட்டை நோக்குவோம். 1906-ம் ஆண்டிலே சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் முன்னின்று எழுப்பிய பல்கலைக்கழக இயக்கத்தின் பயனாக, 1921-ம் ஆண்டிற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942-ம் ஆண்டு ஆடி மாதம் முதலாந் திகதி அது இலங்கைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. அப்போது பயின்றோர் ஏறக்குறைய 900 பேரே. உபவேந்தர் சேர். ஐவர் ஜெனிங்ஸ் அவர்கள் கனவுகண்டது மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் உறைந்து பயிலும் ஒரு பல்கலைக்கழகம். மகாவலி நதிக்கரையிற் பேராதனையில் எழுந்த மாளிகைகளும் விடுதிச்சாலைகளும் பூந்தோட்டங்களும் அக்கனவின் உருவமே. 1952-ம் ஆண்டில் அங்கே குடிபெயர்ந்த மாணவர் பெற்ற வசதியை அவர்களுக்குப் பின் வந்தோர் பெற்றதில்லை.

இதே காலத்திற் கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் விசேட குழுவின் அறிக்கை 1943-ம் ஆண்டில் வெளிவந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கல்வி இலவசமாதல் வேண்டும் என்ற அதன் துணிவான யோசனை 1945-ம் ஆண்டு ஐப்பசி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அக்காலத்திற் கட்டணம் வாங்கி நடந்துவந்த மிஷன் பாடசாலைகளுட் பல இத்திட்டத்தை ஐயத்தோடு நோக்கின. எம்மைப் போன்று மிஷன் பாடசாலையிற் பயின்றோர் இதைக் கூறுதல் கடன். அப்பாடசாலைகள் இந்நாட்டுக்குச் செய்த தொண்டு பெரிது. ஆயினும் கட்டணம் செலுத்த வல்லவனுக்கே ஆங்கிலமும் உயர்கல்வியும் என்ற வேலியை அவை தாமாக அகற்றியிருக்கமாட்டா. அரசாங்கமே அதை அகற்றவேண்டியிருந்தது.

ஆக, ஒருபுறம் ஒவ்வொரு மாணவனுக்கும் மிகுந்த செலவு செய்யும் பேராதனை. மறுபுறம் நாட்டின் மூலைமுடுக்கெங்குமுள்ள பிள்ளைகளுக்கு வாயிலைத் திறக்கும் இலவசக் கல்வி. இரண்டும் ஒரே தலைமுறையிற் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். இவை ஒன்றோடொன்று மோதுவதற்குப் பதினைந்து ஆண்டுகளே சென்றன.

1960-ம் ஆண்டில் சிங்களத்திலும் தமிழிலும் கலைப்பீடப் போதனை தொடங்கிற்று. இலவசக் கல்வியின் முதற் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தனர். 1959-ல் வித்தியோதயம், வித்தியாலங்காரம் ஆகிய இரு பிரிவேனாக்கள் பல்கலைக்கழகங்களாயின. 1942-ல் 900 ஆக இருந்த மாணவர் தொகை 1960-களின் நடுப்பகுதியிற் பத்தாயிரத்தைத் தாண்டிற்று. வந்தவர்களுட் பெரும்பாலோர் கலைப்பீடத்துக்கே சென்றனர். காரணம் அவர்களுடைய விருப்பம் மட்டுமன்று. கிராமப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லை. பல்கலைக்கழகத்திலும் கலை மாணவன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ள ஒரு வாங்கும் ஒரு விரிவுரையாளரின் குரலும் போதும். மருத்துவ மாணவனுக்கோ பொறியியல் மாணவனுக்கோ அவை போதா. ஆதலின் கதவைத் திறக்கும்படி மக்கள் கேட்டபோது, அரசாங்கம் மிக மலிவான கதவைத் திறந்தது. சராசரிச் செலவு என்னும் எண் இந்த வேற்றுமையை மூடிமறைத்துவிடும். மருத்துவ பீடத்திற் பெருஞ்செலவும் கலைப்பீடத்திற் சிறுசெலவும் சேர்ந்து ஒரு நடுத்தர எண்ணைக் காட்டும். அந்த நடுத்தர எண்ணைப் பெற்ற மாணவன் எங்குமே இல்லை.

இதன் விளைவை நாடு விரைவில் அனுபவித்தது. பட்டம் பெற்றும் உத்தியோகம் பெறாத இளைஞர் பெருகினர். 1971-ம் ஆண்டு சித்திரையில் தெற்கிலே வெடித்த கிளர்ச்சியில் கல்விகற்ற கிராமத்து இளைஞரே பெரும்பங்கு கொண்டனர். அதே காலத்தில் இடங்கள் அரிதான மருத்துவ, பொறியியல், விஞ்ஞான பீடங்களுக்கு மொழிவாரியாகப் புள்ளிகளைத் தரப்படுத்தும் முறை புகுத்தப்பட்டது. தமிழ் இளைஞர் மனத்தில் அது உண்டாக்கிய காயத்தை எமது வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இங்கு ஒன்றை மட்டும் சுட்டுவோம். பந்தியில் இலைகள் போதியனவாக இருந்தால் யாரை முதலில் அமர்த்துவது என்ற சண்டை எழாது. இலைகளைக் கூட்டுவதற்கு மாறாக, அமர்வோரைப் பிரிக்கும் விதிகளே கூட்டப்பட்டன. அநீதியின் பின்னே கஞ்சத்தனமும் நின்றது.

யாழ்ப்பாணத்து வளாகத்தின் பிறப்பும் இக்கணக்கையே காட்டும். 1974-ம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், பேராசிரியர் கைலாசபதி அவர்களைத் தலைவராகக் கொண்டு, அது திறக்கப்பட்டது. திருநெல்வேலியிலே சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களிலும், வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவிலும் வகுப்புகள் தொடங்கின. சைவப் பெருமகன் ஒருவரின் கொடையும், கிறிஸ்தவ மிஷனின் உழைப்பும் ஒன்றுசேர்ந்து அவ்வளாகத்தின் சுவர்களாயின. இது பெருமைக்குரியதே. ஆனால் பேராதனைக்கு அரசாங்கம் மாளிகை கட்டிற்று. யாழ்ப்பாணத்துக்கு முன்னோர் கட்டிவைத்ததை எடுத்துக்கொண்டது. ஒருவனுக்கான செலவு இடத்துக்கு இடம் எவ்வாறு வேறுபட்டது என்பதற்கு வேறு புள்ளிவிபரம் வேண்டாம்.

உள்ளே ஒருவர், வெளியே மூவர்

பிரித்தானியா சென்ற நான்காவது வழியை இலங்கை பகிரங்கமாக ஏற்றுக்கொள்ளவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் பட்டப்படிப்பு இலவசமாகவே இருந்துவருகின்றது. 1981-ம் ஆண்டில் மகாபொலப் புலமைப்பரிசில் நிதியம் சட்டத்தின்மூலம் அமைக்கப்பட்டு வறிய மாணவருக்கு உதவியது. 1980-களில் தோன்றிய கட்டண மருத்துவக் கல்லூரி 1989-ல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. மாலபேயில் எழுந்த மற்றொரு தனியார் மருத்துவக் கல்லூரியும் நீண்ட போராட்டத்தின் பின் 2018-ல் தன் மாணவரை வேறிடத்துக்கு ஒப்படைத்து ஓய்ந்தது. இவையெல்லாம் இலவசக் கல்வியைக் காத்த வெற்றிகளாகப் போற்றப்படுவன. போற்றுவதில் நாமும் பின்நிற்கவில்லை.

ஆனால் மூன்றாவது வழியில், அதாவது கதவைப் பாதி சாத்துவதில், நாம் எவருக்கும் இளைத்தவரல்லர். 2022-ம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையில் 160,000-க்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றனர். அண்மைய ஆண்டுகளில் அனுமதி பெறுவோரோ ஆண்டொன்றுக்கு 40,000 முதல் 45,000 வரை. ஏறக்குறைய நால்வரில் ஒருவரே உள்ளே செல்கின்றார். மற்றை மூவரும் பரீட்சையிற் சித்தியெய்தியவரே.

ஒரு மாணவனுக்கான செலவை நாம் கணக்கிடும்போது யாரைக்கொண்டு வகுக்கின்றோம்? உள்ளே சென்றவரைக்கொண்டே வகுக்கின்றோம். உள்ளே சென்ற ஒருவருக்கு நூறு ரூபா செலவாகின்றது எனக் கொள்வோம். வெளியே நிற்கும் மூவருக்கும் செலவு பூச்சியம். தகுதிபெற்ற நால்வரையும் கொண்டு வகுத்தால் வருவது இருபத்தைந்து ரூபாவே. வெளியே நிற்கும் அம்மூவரும், அல்லது அவர்தம் பெற்றோரும், காணியை ஈடுவைத்தோ நகையை அடகுவைத்தோ தனியார் கல்லூரிக்கும் வேற்றுநாட்டுக்கும் பணஞ் செலுத்துகின்றனர். ஆக, நாமும் நான்காவது வழியில் நடந்துகொண்டேயிருக்கின்றோம். அச்சுமையை மூவர் தலைமீது மாத்திரம் ஏற்றியிருப்பதால் அது எமக்குத் தெரிவதில்லை.

இன்னுமொன்று. இலவசக் கல்வி தொடங்கிய காலத்திலே தேயிலை, இறப்பர், தெங்குப் பொருட்களின் ஏற்றுமதித் தீர்வை அரசாங்க வருமானத்தின் பெருந்தூண்களுள் ஒன்றாக விளங்கிற்று. அத்தேயிலையைக் கொய்தவர் மலைநாட்டுத் தமிழ்ப் பெண்கள். அவர்களுடைய பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970-களிலேதான். பேராதனைப் பூந்தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிய பணத்தில் ஒரு பங்கு லயக் காம்பராக்களிலிருந்து வந்தது. அங்கிருந்து பேராதனைக்கு வந்த பிள்ளைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். பெற்றவர் யார், கொடுத்தவர் யார் என்பதையும் இவ்வெண் சொல்வதில்லை.

பணத்தின் தொகையைப் போன்றே அதன் மதிப்பும் கவனிக்கப்படல் வேண்டும். 2012-ம் ஆண்டிற் பல்கலைக்கழக ஆசிரியர் ஏறக்குறைய நூறுநாள் வேலைநிறுத்தம் செய்து, மொத்தத் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு ஆறு வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கும்படி கேட்டனர். ஒதுக்கப்பட்டதோ பல ஆண்டுகளில் இரண்டு வீதத்தையும் எட்டவில்லை. 2022-ம் ஆண்டு புரட்டாதியிற் கொழும்பில் விலைவாசியேற்றம் நூற்றுக்கு எழுபது வீதத்தை அண்மித்தது. ஓராண்டில் விலைகள் அவ்வாறு ஏறும்போது, ஒதுக்கீட்டில் ஒரு சதமும் வெட்டாமலே ஐந்தில் இரண்டு பங்கை வெட்டியவாறாகும். பாராளுமன்றத்தில் விவாதமில்லை, வாக்கெடுப்பில்லை, ஆயினும் வெட்டு விழுந்துவிடும்.

எமது கருத்து

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கன சில உண்டு. இலவசக் கல்வியைக் கைவிடுதல் கூடாது. இங்கிலாந்தில் 1,000 பவுணாகத் தொடங்கிய கட்டணம் பதினான்கே ஆண்டுகளில் 9,000 ஆனதைக் கண்டபின்னும் சிறு கட்டணத்தாற் கேடில்லை என்று கூறுவோர் வரலாறு கல்லாதவர். அதேவேளை, இலவசம் என்னும் சொல்லை மட்டும் காத்துக்கொண்டு இடங்களைப் பெருக்காதுவிடுதலும் அறமாகாது. இடங்களைப் பெருக்கும்போது அதற்கேற்ற பணத்தையும் பெருக்குதல் வேண்டும். இன்றேல் 1960-களின் கலைப்பீட மண்டபங்களையே மீண்டும் கட்டியவர்களாவோம். பிரித்தானியர் ஒருகாலத்திற் கையாண்ட ஐந்தாண்டு மானிய முறை எமக்குப் பொருத்தமானது. ஆண்டுக்காண்டு திறைசேரியின் முகம் நோக்கி நிற்கும் நிறுவனம் தொலைநோக்கோடு எதையும் திட்டமிடல் இயலாது. பீடம்வாரியாகவும் மாவட்டம்வாரியாகவும் ஒருவனுக்கான செலவை ஆண்டுதோறும் மக்கள் அறிய வெளியிடுதலும் வேண்டும்.

இளைஞராகிய எமக்கும் ஒரு கடமையுண்டு. வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளில் உயர்கல்விக்கு இத்தனை கோடி என்று மந்திரி சொல்லக் கேட்டுக் கைகொட்டுதலோடு நின்றுவிடலாகாது. அத்தனை கோடியும் எத்தனை பேருக்கு, சென்ற ஆண்டு விலையில் அது எவ்வளவு, வகுத்தற் கணக்கில் யாருடைய பெயர் விடுபட்டது என்னும் மூன்று வினாக்களையும் கேட்கப் பழகுவோம். உள்ளே இடம்பெற்ற எமக்குச் செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாவிலும், இடம்பெறாத மூவரின் பங்கும், தேயிலைக் கொழுந்து நிறைந்த ஒரு கூடையின் பாரமும் உண்டு. அதை உணர்ந்து கற்பவனே கல்வியின் கடனிறுத்தவனாவான்.